கேட்சரின் கட்டைவிரல்

அத்தியாயம் 14

போன ஞாயிற்றுக்கிழமை பானி ஊர் பேஸ்பால் அணி ஒரே ஒரு பந்தில் தோற்று, இந்தக் குளிர்காலப் போட்டியை விட்டே வெளியேறியது நினைவிருக்கும். அந்தப் பந்தைக் கோட்டை விட்டவன் வேறு யாருமில்லை, நம் நூரிஸின் புருஷன் எலிஹியோதான். ரேடியோக்காரன் மைக்கை நீட்டியபோது, "நான்தான் விரலைத் தப்பாக் காட்டிட்டேன், பிட்சர் மேல தப்பு இல்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அன்றிலிருந்து மூன்று நாளாக ஊரே அவனை வறுத்துக்கொண்டிருக்கிறது.

எலிஹியோவுக்கு முப்பத்தேழு வயது. பதினேழு வருஷமாகக் கேட்சர், அடிக்கிறவன் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவன். பானியைச் சேர்க்காமலே பன்னிரண்டு அணிகள். மெக்சிகோவில் நாலு ஊர், தைவான், இத்தாலி, அப்புறம் அமெரிக்காவில் பெயர் வாயில் நுழையாத ஆறு சின்ன ஊர்கள். எங்கே போனாலும் இரண்டாவது கேட்சர், இல்லாவிட்டால் மூன்றாவது. யாருக்காவது அடிபட்டால் கூப்பிடுவார்கள். அடிபட்டவன் எழுந்து வந்ததும் கையைக் குலுக்கி அனுப்பிவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு இறுதிப் போட்டியில்கூட அவன் காலெடுத்து வைத்ததில்லை.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு அதற்கு ஒரு வழி பிறக்கலாம். இறுதிக்குப் போன அசுவா அணியும் மோக்கா அணியும், தோற்றுப்போன அணிகளிலிருந்து ஆளுக்கு நாலு பேரை எடுத்துக்கொள்ளலாம். யார் யாரை எடுக்கிறார்கள் என்று ரேடியோவில் நேரடியாகச் சொல்வார்கள்.

காலையில் எலிஹியோ மசித்த வாழைக்காயையும் பொரித்த சலாமி இறைச்சியையும் இடது கையால் சாப்பிட்டான்.

நூரிஸ் அதைப் பார்த்தாள். ஆனால் வீட்டு முன்னறையில் இருக்கிற அவளுடைய அழகு நிலையத்தில் அதற்குள் மூன்று பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் திருநாள். பானியில் ஒரு பொம்பளையும் தலைமுடியை நேராக்காமல் அன்றைக்குக் கோயிலுக்குப் போகமாட்டாள்.

"முப்பத்தேழு வயசுக் கேட்சரை யாரும்மா எடுப்பா?" என்றாள் பக்கத்து வீட்டுத் தோன்யா மேச்சோ, தலை நிறைய ரோலர் சுருட்டி முடி உலர்த்தியின் கீழ் உட்கார்ந்தபடி. "எங்க வீட்டுக்காரருக்கு முப்பத்தஞ்சுலயே குனிஞ்சா நிமிர முடியல."

"உங்க வீட்டுக்காரர் குனிஞ்சதே டோமினோ கட்டை கீழ விழுந்தா எடுக்கத்தானே, தோன்யா. தலையை ஆட்டாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நூரிஸ் சிரிக்கவில்லை. உள்ளே சமையலறை மேஜையில் அவள் கண்ட காட்சி அவளுக்குப் பொறுக்கவில்லை.

எலிஹியோ தன் வலது கையை மகளிடம் நீட்டிக்கொண்டிருந்தான். பதினைந்து வயது யோகைரா, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, அவன் நகங்களுக்குப் புதிதாக வாங்கிய மஞ்சள் பாலிஷ் பூசிக்கொண்டிருந்தாள்.

கேட்சர் என்றால் குந்தி உட்கார்ந்து, இரண்டு தொடைக்கும் நடுவில் விரலைக் காட்டி, என்ன பந்து போடு என்று பிட்சருக்குச் சொல்ல வேண்டும். ஒரு விரல் என்றால் வேகப்பந்து. இரண்டு என்றால் வளைகிற பந்து. அறுபது அடி தள்ளி நிற்கிறவனுக்கு அது பளிச்சென்று தெரிய வேண்டும், அதற்குத்தான் நகத்தில் பாலிஷ். கல்யாணமான நாளிலிருந்து, அவன் ஊரில் இருக்கிற ஒவ்வொரு குளிர்காலமும், அதைப் பூசுவது நூரிஸ்தான். வேறு யாரும் தொட்டதில்லை.

"என்ன, புது ஆளா வச்சாச்சு?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

"நீ வேலையா இருந்தியே, கறுப்பி. எடுத்தாங்கன்னா உடனே கிளம்பணும், அதான்." அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வேலை எனக்கு என்னைக்குத்தான் இல்லாம இருந்துச்சு?"

யோகைராவும் நிமிரவில்லை. அதுதான் நூரிஸுக்கு இன்னும் உறுத்தியது. அந்தப் பெண் வாயாடி. இரண்டு நாளாக அப்பாவும் மகளும் கண்ணால் பேசிக்கொள்கிறார்கள், தான் வந்தால் நிறுத்திவிடுகிறார்கள்.

பத்து மணிக்கு ரேடியோ ஆரம்பித்தது. அசுவா ஒரு பிட்சரை எடுத்தது. மோக்கா ஒரு பிட்சரை எடுத்தது. ஆறு பேர் ஆகிவிட்டது. எலிஹியோ கதவில் சாய்ந்து, வலது கையைச் சட்டைக்குள் விட்டமாதிரி வைத்துக்கொண்டு நின்றான். ஏழாவதாக அசுவா யாரை எடுக்கிறது என்று அறிவிப்பாளர் பேப்பரைப் பிரிக்கிறபோது கரண்ட் போய்விட்டது.

"நாசமாப் போக," என்றாள் தோன்யா மேச்சோ, உலர்த்தியின் கீழிருந்து.

"காருக்கு, காருக்கு," என்று யோகைரா ஓடினாள்.

வாசலில் நிற்கிற எலிஹியோவின் கார் ஆகஸ்டிலிருந்து ஒரு அடி நகரவில்லை. கியர்பாக்ஸ் போய்விட்டது. ரேடியோ மட்டும் கல்லு மாதிரி இருக்கிறது. யோகைரா சாவியைத் திருப்ப, மூன்று பொம்பளைகளும் உள்ளே ஏறினார்கள். தோன்யா மேச்சோ ரோலர் தலையோடு முன் சீட்டில் உட்கார்ந்தாள். தெருவில் போன முட்டைக்காரனும் சைக்கிளை நிறுத்தி ஜன்னலில் தலையை விட்டான்.

"...மோக்கா அணியின் நாலாவது தேர்வு, இன்றைய கடைசித் தேர்வு. கேட்சர். பானியின் எலிஹியோ பிச்சார்டோ."

முட்டைக்காரன் காரின் கூரையைத் தட்டினான். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். மூன்று நாளாக அவனைத் திட்டியவர்கள் எல்லாம் இப்போது "கிழவா, எங்களுக்கு அப்பவே தெரியும்" என்றார்கள்.

எலிஹியோவின் போன் அடித்தது. மோக்காவின் மேனேஜர் தோன் கிரிகோ. அவர் சாதாரணமாகப் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"நாளைக்குப் பத்து மணிக்குப் பயிற்சி. வியாழக்கிழமை முதல் ஆட்டம். என் முதல் கேட்சருக்கு முட்டி சரியில்ல, நீதான் உக்காரணும். ஞாயித்துக்கிழமை ஒரு பந்து கையில பட்டுச்சாமே, எப்படி இருக்கு?"

"இரும்பு மாதிரி இருக்கு, தோன் கிரிகோ."

"யோசிச்சுச் சொல்லு. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் பேரை மாத்த முடியும்."

"யோசிக்க ஒன்னும் இல்லைங்க. வர்றேன்."

அவன் போனை வைத்ததும் தோன்யா மேச்சோ காரிலிருந்து இறங்கி வந்து, "அட என் ராசா" என்று அவன் வலது கையை இரண்டு கையாலும் பற்றி ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

எலிஹியோ சத்தம் போடவில்லை. ஆனால் அவன் உதடு வெளுத்துப்போனதை நூரிஸ் பார்த்தாள். பதினேழு வருஷம் ஊரிலுள்ள கைகளையெல்லாம் பிடித்துப் பார்த்தவள் அவள். எந்தக் கை வலிக்கிறது, எந்தக் கை பொய் சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"உள்ள வா," என்றாள்.

"சனங்க வந்திருக்காங்க..."

"உள்ள வான்னேன்."

நகம் வெட்டுகிற சின்ன மேஜையில் அவனை உட்கார வைத்தாள். கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அவன் வலது கையை எடுத்து அதில் வைத்தாள். அவன் மறுக்கவில்லை. கட்டைவிரலின் அடிப்பகுதியில் கன்றிப்போன நீலத்தின் மேல், அவள் தன் விரலை மெல்ல வைத்தாள். அழுத்தக்கூட இல்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"விரிசலா?"

"இருக்கலாம்."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா அவரு விரிசல்னு சொல்லிடுவாரே."

"எலிஹியோ." அவள் குரல் தணிந்துவிட்டது. "பிஞ்ச முட்டியோட வந்த, எங்கிட்ட சொன்ன. இத்தாலியில மூக்கு உடைஞ்சப்ப ராத்திரி மூணு மணிக்கு போன்ல எழுப்பிச் சொன்ன. இதை மட்டும் ஏன் சொல்லல? கையைக்கூட என்கிட்ட தராம, குழந்தைகிட்ட நீட்டற அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன்?"

வாசலில் நின்ற யோகைராதான் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்.

"அம்மா, அது அந்த மினுமினு பாலிஷால."

"யோகைரா," என்றான் அவன்.

"சொல்லிடறேன்பா. என்னால முடியல."

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பாலிஷ் தீர்ந்துபோயிருந்தது. நூரிஸ், தோன்யா மேச்சோவின் மகள் நியூயார்க்கிலிருந்து அனுப்பிய மினுமினுக்கிற வெள்ளிப் பாலிஷை எடுத்து, சீக்கிரம் சீக்கிரம் என்று அவனுக்குப் பூசி அனுப்பினாள். ஆட்டத்தின் கடைசி நேரத்தில் சூரியன் சாய்ந்து நேராக அடித்தது. எலிஹியோ இரண்டு விரல் காட்டினான். பிட்சரின் கண்ணுக்கு அது வெயிலில் ஒரே மினுக்கலாக, ஒற்றை விரலாகத் தெரிந்தது. வளைகிற பந்துக்காக எலிஹியோ கீழே சாய்ந்தான். வந்தது வேகப்பந்து. கையுறை போடாத வலது கையில் அறைந்துவிட்டு வேலிவரை ஓடியது, அதற்குள் எதிரணிக்காரன் ஓடி வந்து ஜெயித்துவிட்டான்.

"அந்தப் பாட்டிலைக் குப்பையில போடச் சொன்னாரு," என்றாள் யோகைரா. "உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னாரு."

நூரிஸ் அவன் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துண்டால் ஒற்றினாள்.

"ரேடியோவுல உன்னைக் குருட்டுக் கழுதைன்னு சொன்னான் ஒருத்தன். நான் வெங்காயம் நறுக்கிக்கிட்டே கேட்டேன். நீ பக்கத்துல உக்காந்திருந்த. தப்பு என்னோடதுன்னு தெரிஞ்சுக்கிட்டே உக்காந்திருந்த."

"உன் தப்பு இல்ல. சூரியனோட தப்பு."

"எலிஹியோ."

"பன்னெண்டு ஊர்ல திட்டு வாங்கினவன் நான், கறுப்பி. எனக்குப் பழக்கம். உனக்கு இந்த ஒரு ஊர்ல ஒரு கடை இருக்கு. நூரிஸோட பாலிஷாலதான் பானி தோத்துச்சுன்னு கிளம்பினா, நாளைக்கு எவ வந்து கையை நீட்டுவா?"

அவள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யோகைராவுக்கே தெரியவில்லை. அப்போது கதவுப்பக்கம் ஒரு இருமல்.

"அந்தப் பாட்டில் என் பொண்ணு அனுப்பினது," என்றாள் தோன்யா மேச்சோ. ரோலர் தலையோடு எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. "நான் வாயே திறக்க மாட்டேன். என் அம்மா மேல சத்தியம்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் நம்பிக்கை வரவில்லை.

நாலு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு நூரிஸ் வெளியே வந்தாள். எலிஹியோ கார் பானெட்டில் உட்கார்ந்து, விரலைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"வியாழக்கிழமை ஒருத்தன் இரண்டாம் பேஸைத் திருட ஓடினா என்ன பண்ணுவ?" என்று கேட்டாள்.

"எறிவேன்."

"எறி பாக்கலாம்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பிட்சர் பந்தைப் போடும்போதே எதிரணிக்காரன் ஒருவன் அடுத்த பேஸுக்கு, அதாவது அடுத்த முனைக்கு, ஓடினால் அவன் சேருமுன் பந்தை அங்கே எறிவது கேட்சரின் வேலை. இந்த வீட்டை வாங்கின வாரமே, அவன் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து தெருவை அளந்தான். அவர்கள் வாசற்படியிலிருந்து மூலைக்கடையின் ஐஸ் பெட்டி வரைக்கும், கேட்சர் உட்கார்கிற இடத்திலிருந்து இரண்டாம் பேஸுக்கு உள்ள தூரம் சரியாக வருகிறது. ஒவ்வொரு குளிர்காலமும் அங்கேதான் எறிந்து பழகுவான். கடைக்காரரும் ஐஸ் பெட்டிக்கு முன்னால் ஒரு பழைய மெத்தையைச் சாய்த்து வைத்துவிடுவார்.

யோகைரா கையுறையோடு ஐஸ் பெட்டிப் பக்கம் போய் நின்றாள். எலிஹியோ படியருகே குந்தினான். முட்டி இரண்டும் படக் படக்கென்று சத்தம் போட்டது. எழுந்தான். எறிந்தான்.

பந்து பாதி வழியில் தரையைத் தொட்டு, இரண்டு தரம் குதித்து, சாக்கடைக்குள் போய் விழுந்தது.

தெருவில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் கட்டைகளையே உற்றுப் பார்த்தார்கள். யாரும் எதையும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அதுதான் அவனுக்கு வலித்திருக்க வேண்டும்.

"இன்னொன்னு," என்றான்.

இரண்டாவது பந்து இன்னும் முன்னாலேயே விழுந்தது. பிடியிலிருந்து நழுவும்போதே அவன் கையை உதறிக்கொண்டு முதுகைத் திருப்பிக்கொண்டான். யோகைரா உருண்டு வந்த பந்தை எடுத்துக்கொண்டு, மெதுவாக, அவசரமே இல்லாமல் நடந்து வந்தாள்.

நூரிஸ் அவன் பக்கத்தில் போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

"போகாதன்னு நான் சொல்லல," என்றாள். "நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

"இல்ல."

"ஆனா அங்க மேட்டுல நிக்கற பிட்சர் உன்னை நம்பித்தானே பந்து போடுவான்? இருபத்தெட்டு பேரு உன் ஒருத்தன் கையை நம்பி இருப்பாங்க."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "இது ஒன்னுதான் நான் பாக்காதது, நூரிஸ். இறுதி ஆட்டம் எப்படி இருக்கும்னு. இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க."

பொய்யாக ஒன்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவன் இடது தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மூலைக்கடையில் யாரோ பாட்டை உரக்க வைத்தார்கள், பிறகு யாரோ குறைக்கச் சொன்னார்கள்.

ஐந்தேகாலுக்கு அவனே போனை எடுத்தான்.

"தோன் கிரிகோ, நான் எலிஹியோ. கட்டைவிரல்ல விரிசல். காலையில உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அதற்கு மறுபக்கத்திலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவை தீர்ந்ததும், "மணி என்ன தெரியுமா? ஆறுக்குள்ள நான் எந்தக் கேட்சரை எங்க போய்ப் பிடிப்பேன்?" என்றார்.

"வில்மோவை எடுத்துக்கோங்க."

நூரிஸ் தலையைத் தூக்கினாள். வில்மோ என்றால் பானியில் எலிஹியோவுக்குப் பதில் ஆள். முப்பது வயது. இந்த சீசன் முழுக்க ராத்திரிச் சாப்பாட்டில் எலிஹியோ குறை சொன்ன ஒரே ஆள். வாய் மூடமாட்டான், பந்தை வெந்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி பிடிக்கிறான், எலிஹியோவின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து கேட்காமல் எடுத்துத் தின்கிறான்.

"வில்மோவா? அந்த ஓட்டைவாய்?"

"வாய் ஓயாதுதான். ஆனா உங்க முக்கியமான பிட்சருங்க ரெண்டு பேரும் மண்ணுல குத்தற பந்துதான் போடறாங்க. அவன் நெஞ்சைக் கொடுத்து நிறுத்துவான், ஒன்னு தாண்டாது. என்னைவிட நல்லா நிறுத்துவான்." அவன் போனை மறு காதுக்கு மாற்றினான். "அப்புறம் உங்க இடதுகைக்காரப் பையன், எதிராளி பேஸ்ல ஏறிட்டா பயந்துக்குவான். வில்மோ மேட்டுக்குப் போய் ஏதாவது உளறி அவனைச் சிரிக்க வச்சிடுவான். எனக்கு அது வராது. ஆறாவது சுத்துக்கு மேல அந்தப் பையனோட வேகப்பந்து மேல ஏறும், அப்ப ரெண்டு விரல் காட்டச் சொல்லுங்க. அசுவாவுல நாலாவதா அடிக்க வர்றவனுக்கு மட்டும் உள்பக்கமா எந்தப் பந்தும் வேணாம்."

மறுபக்கம் பேனா எழுதுகிற சத்தம் கேட்டது.

"ஏன் கிழவா," என்றார் தோன் கிரிகோ. குரலில் இப்போது சத்தம் இல்லை. "இதெல்லாம் யாரு உன்னைப் பாக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. பெஞ்சுல உக்காந்தா வேற என்ன பாக்கறது?"

"சரி. வில்மோவைப் போடறேன். நீயும் பையை எடுத்துக்கிட்டு நாளைக்கு வந்து சேரு."

"எதுக்குங்க? பட்டியல்லதான் நான் இல்லையே."

"வான்னா வா."

போன் நின்றுவிட்டது.

"என்னவாம்?" என்றாள் யோகைரா.

"வரச் சொல்றாரு."

"என்னவா வரச் சொல்றாரு?"

"தெரியல." எலிஹியோ போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "கேக்கறதுக்குள்ள வச்சுட்டாரு."

பதினேழு வருஷத்தில் அவன் எங்கே போனாலும் கேட்சராகத்தான் போனான். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல், தான் யார் என்று தெரியாமல் ஒரு ஊருக்குப் போவது இதுதான் முதல் தடவை. அந்தப் பயம் அவன் முகத்தில் பச்சையாகத் தெரிந்தது. நூரிஸ் அதைப் பார்த்தாள்.

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"நூரிஸ். நீயும் வர்றியா?"

மெக்சிகோவுக்குப் போனபோது அவன் கேட்டதில்லை. தைவானுக்குக் கேட்டதில்லை. எந்த ஊர் எத்தனை நாள் என்று தெரியாதவன் பெண்டாட்டியை எங்கே என்று கூப்பிடுவான்? அவளும் அதை எதிர்பார்க்கப் பழகவில்லை. நாளைக்கு ஆறு பேருக்குத் தலை நேராக்க நேரம் கொடுத்திருக்கிறாள். நாளன்றைக்கு ஒன்பது பேர்.

அவள் எழுந்து பாவாடையிலிருந்த தூசியைத் தட்டினாள்.

"பஸ் எத்தனை மணிக்கு?"

"காலையில அஞ்சரைக்கு."

"ஜன்னல் சீட்டு எனக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.